மகளுக்கு ஒரு துவக்கு

அந்தப் பொலிஸ்காரர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். என் மகளின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகத் தடுக்கித் தடுக்கி வாசித்துவிட்டு, இவர் இந்த முகவரியில்தான் வசிக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். நான் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே, நல்ல ஆங்கிலத்தில், ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னேன்:

"அப்படி ஒருவரும் இங்கே இல்லை."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். நான் மிச்சப் போஞ்சியையும் நறுக்கி முடித்தேன். மகளின் வீட்டுச் செருப்பு கதவடியில் கிடந்தது. அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு வெட்கப்பட்டு, திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

இது எண்பத்தேழாம் ஆண்டு இளவேனிலில். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஒன்பதாம் மாடியில் ஒரு வாடகை வீடு. நான், கணவர், ஒரே மகள். கொழும்பில் உயர்தர வகுப்புக்குப் பிரயோக கணிதம் படிப்பித்தவள் நான். எண்பத்து நான்கில் இங்கே வந்த பிறகு ஒரு காப்புறுதிக் கந்தோரில் படிவங்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை.

பொலிஸ் எதற்காக அவளைத் தேடியது என்று எனக்குத் தெரியும். அவள் துப்பாக்கி வாங்குவதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தாள். எங்களூரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம்.

ஆய்வுகூடத்தில் அவளுக்கு மேலாக இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஒவ்வொரு ஒக்டோபரிலும் தன் தமையனோடு வடக்கே போய் மூஸ் வேட்டையாடுகிறவர். எங்களூர்க் காட்டு மானான மரையைப் பார்த்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு என்று எண்ணிக்கொள்ளலாம், அதுதான் மூஸ். அந்தப் பெண்மணி குளிர்காலத்தில் மகளைச் சுடுபயிற்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளை மகள் ஒட்டி வைத்தாள். நடு வட்டத்துக்குப் பக்கத்தில் ஐந்து துளைகள், என் உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆஸ்பத்திரி விஷயம் ஏதோ என்று நினைத்து இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்.

"அப்பா, நான் ஒரு துவக்கு வாங்கப் போறன்."

ஊரில் துவக்கு எடுக்கிற பிள்ளைகள் ஏதாவது ஓர் ஆயுத இயக்கத்துக்குத்தான் எடுப்பார்கள். கணவர் சோற்றைக் குழைத்தபடியே கேட்டார். "எந்த இயக்கத்துக்கு?"

"மூஸுக்கு."

"மூஸ் இயக்கமோ? நான் கேள்விப்படேல்லை. புதுசோ?"

"விளையாட்டுக் கதை கதைக்காதேங்கோ" என்றேன். "இவ்வளவத்தையும் பாத்துப்போட்டும் உனக்கு உது தேவையோ, பிள்ளை?"

"பாத்தபடியாத்தான் அம்மா."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினாள்.

அவள் விண்ணப்பத்தை அனுப்பியதும் வீட்டுக்குள் விலைப்பட்டியல் புத்தகங்கள் வரத் தொடங்கின. சாப்பாட்டு மேசையில், கறிச்சட்டி வைக்கிற இடத்தில், துவக்குகளின் வண்ணப்படங்கள். அவள் வேலைக்குப் போனபிறகு நான் அவற்றைப் புரட்டினேன். படங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் கடைசிப் பக்கங்களில் எண்கள் இருந்தன: தோட்டா குழலை விட்டு வெளியேறும் வேகம், நூறு யார், அதாவது நூறு கஜத் தூரத்தில் வேகம், இருநூறில், முந்நூறில், ஒவ்வொன்றிலும் அது எத்தனை அங்குலம் கீழே விழுகிறது. எனக்குத் தெரிந்த கணக்கு. எறிந்த பொருள் எப்படிப் பறந்து விழும் என்கிற எறியங்கள் பாடத்தைப் பதினெட்டு வருடம் கரும்பலகையில் எழுதினவள் நான். ஒவ்வொரு வினாவின் முடிவிலும் "வளித்தடையைப் புறக்கணிக்குக" என்று எழுதி அடிக்கோடு இடுவேன். பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று காற்றே இல்லாத ஓர் உலகம். இந்தப் பட்டியலில் இருந்த எண்கள் காற்றுள்ள உலகத்தவை. பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் விடை ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது. பிறகு என் எழுத்தை அவள் காணாதபடி அழித்தேன்.

இந்த நாட்களில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆறு வாரம் போயிற்று. மகள் ஒவ்வொரு நாளும் வேலையால் வரும்போது கீழே கடிதப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள். "இன்னும் வரேல்லை" என்பாள். சான்றிதழ் இல்லாமல் துவக்கு வாங்க முடியாது. துவக்கு கையில் வந்து ஒரு மாதமாவது பழகாமல் ஒக்டோபரில் தன்னோடு வரக்கூடாது என்று அந்தப் பெண்மணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். "வரும், வரும்" என்பேன் நான். அப்படிச் சொல்ல என்னால் எப்படி முடிந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

யூலையில் அவள் பொறுமை இழந்து பொலிஸ் நிலையத்துக்கே போனாள். திரும்பி வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றாள்.

"அம்மா, நான் எங்க இருக்கிறன்?"

"இதென்ன கேள்வி?"

"நான் இந்த வீட்டில இல்லையாம். போன் எடுத்துக் கேட்டவையாம். ஒரு பொம்பிளை சொன்னவவாம், அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு."

கணவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"விலாசம் பொய்யெண்டு எழுதி வைச்சிருக்கினம்" என்றாள் மகள். "துவக்கை விடுங்கோ. நான் அடுத்த வருசம் சிட்டிசன்சிப்புக்கு எழுதப் போறன். பொலிஸுக்குப் பொய் விலாசம் குடுத்தவளெண்டு அதில நிண்டா என்ன செய்யிறது? ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"யோசிச்சுச் சொல்லேல்லை. வாயில வந்திட்டுது."

"எங்கயிருந்து வந்தது?"

எங்கிருந்து வந்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். எண்பத்து மூன்று ஆடியில், கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரத்தின்போது, எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் எங்களைத் தன் களஞ்சிய அறைக்குள் விட்டுப் பூட்டினாள். தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பகல் இருந்தோம். வாசலுக்கு வந்தவர்கள் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதிலிருந்து எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். கடைசியாக என் மகளுடைய பெயர். அந்தப் பெண் ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னாள்: அப்படி ஒருவரும் இங்கே இல்லை. நான் மகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயது, கத்துகிற பிள்ளை இல்லை. இருந்தும் பொத்திக்கொண்டிருந்தேன்.

மகள் மெதுவாகச் சப்பாத்தைக் கழற்றினாள்.

"அந்த அன்ரி பொய் சொன்னது எங்களைக் காப்பாத்த. நீங்கள் என்னை ஆரிட்டையிருந்து காப்பாத்தினீங்கள்?"

பொலிஸிடமிருந்து என்று சொல்லலாம். துவக்கிடமிருந்து என்றும் சொல்லலாம். இரண்டும் முழு உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடியாக இருந்தது.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இந்த ஊரில் நான் பொலிஸ் நிலையம் இருக்கிற பக்கத்து நடைபாதையில்கூட நடப்பதில்லை. தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்தால் போவேன். அன்றைக்கு உள்ளே போய், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியின் முன்னால் இருந்து, "தொலைபேசியில் நான் பொய் சொன்னேன். இவள் என் மகள். என்னோடுதான் இருக்கிறாள்" என்றேன்.

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

"பழக்கம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. மகளை வெளியே மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"அம்மா, உங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? ஒரே வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்பது வழக்கம். உண்டென்றால் இப்போதே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். சொன்னது நீங்கள் என்று அவருக்குத் தெரியவராது."

ஒரு சொல் போதும் என்று அப்போதுதான் புரிந்தது. துவக்கு வீட்டுக்கு வராது. மகள் பொலிஸைத் திட்டுவாள், என்னைத் திட்ட மாட்டாள். கதவின் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். வாங்கில் இருந்து, கைப்பையில் கொண்டுவந்த விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஓரத்தில் எதையோ கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். நான் சரியாக அழிக்காத பென்சில் எழுத்தாக இருக்கலாம்.

"எனக்குப் பயம்" என்றேன்.

"உங்கள் மகளைப் பற்றியா?"

"இல்லை. சத்தத்தைப் பற்றி. கதவு அடித்தாலே எனக்கு நெஞ்சு நின்றுவிடும்."

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். "சத்தத்துக்கு இதில் ஒரு கட்டமும் இல்லையே."

"அப்படியானால் ஆட்சேபம் இல்லை என்று எழுதுங்கள்."

அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "உங்களைத் தனிய வைச்சு என்ன கேட்டவர்?"

"விலாசத்தைத்தான்" என்றேன். அது அந்த வருடத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய்.

ஓகஸ்ட் கடைசியில் சான்றிதழ் வந்தது. துவக்குக் கடை விட்பி நகருக்கு அப்பால், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகள் முடிந்து சோள வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. "நீங்களும் வாறதெண்டா வாங்கோ" என்றாள் மகள். பொலிஸ் நிலையத்துக்குப் பிறகு அவள் என்னை எங்கேயும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன். கணவர் காரை ஓட்டிவந்துவிட்டு உள்ளே வர மறுத்துவிட்டார்.

"நான் காருக்குள்ளயே இருக்கிறன். என்னையும் கண்டா அவன் மொத்தமா வாங்க வந்திருக்கினமெண்டு நினைப்பான்."

கடைக்காரர் எழுபதை நெருங்குகிற உயரமான மனிதர். என்னைத் தாண்டி, மகளிடம் நேராகக் கேட்டார்: என்ன மிருகம், எவ்வளவு தூரம்? மகள் சொன்னாள். போகிற இடம் மரம் வெட்டி வெளியாக்கிய காடு, மூஸ் அந்த வெளியின் மறு ஓரத்தில் நிற்கும், இருநூறு முந்நூறு யாருக்குக் குறையாது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகை வேண்டாம், பழைய மாதிரிப் போல்ட் துவக்குத்தான் வேண்டும்.

அவர் சுவரிலிருந்து ஒன்றை எடுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்து காட்டி, மூடிக் கொடுத்தார். அவள் அதை வாங்கியதும் முதலில் செய்தது போல்ட்டைத் திறந்ததுதான். எங்கள் கதவுத் தாழ்ப்பாளைப் போலத்தான் அது: பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் திறக்கும். முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டும். திறந்து, உள்ளே கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தாள். அவர் தன் கையாலேயே திறந்து காட்டிய துவக்கைத்தான் அவள் திரும்பவும் பார்த்தாள். கிழவர் அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் அவளோடு கதைத்த விதம் மாறிவிட்டது.

அவள் ஆசைப்பட்டது மக்னம் என்கிற பெரிய தோட்டா போடுகிற ஒன்றுக்கு. ஆய்வுகூடப் பெண்மணியோடு வேட்டைக்குப் போகும் அவருடைய தமையன், தூரத்துக்கு மக்னம்தான் சரி என்று சொல்லியிருக்கிறார். கிழவர் அதையும் எடுத்து வைத்தார், பக்கத்தில் இருநூற்றெழுபது என்கிற சிறிய அளவு ஒன்றையும் வைத்தார். இரண்டுக்கும் வால்நட் மரப்பிடி. குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை விட்டு நுனிவரை இழுத்துக் காட்டினார். மரம் மழையில் ஊதும், ஊதிக் குழலைத் தொட்டால் குறி தப்பும், ஆகையால் இரண்டுக்கும் இடையில் இந்த இடைவெளி இருக்கவேண்டும் என்றார்.

"தூரம் போகப் போகத் தோட்டா விழும்" என்று என் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நேராகப் போவதில்லை."

"தெரியும்" என்றேன். "முந்நூறு யாருக்கு ஒன்றே முக்கால் அடி. வளித்தடையைப் புறக்கணித்தால்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கே புறக்கணிக்க முடியாது, அம்மணி. இரண்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா கணக்கு ரீச்சர்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம், "அப்ப அந்தப் பென்சில் நீங்கள்தானோ?" என்றாள்.

அவர் இரண்டு தோட்டாப் பெட்டிகளை எடுத்துப் பின்பக்க அட்டவணைகளை எனக்கு முன்னால் வைத்தார். குறிகாட்டியை இருநூறு யாருக்குச் சரிசெய்து வைத்தால், முந்நூறில் சிறியது ஏழு அங்குலம் கீழே போகும். மக்னம் ஆறு.

"ஒரு அங்குலத்துக்கோ இந்த ஆரவாரம்?" என்றேன் மகளிடம். "மூஸின்ரை நெஞ்சு எவ்வளவு அகலம்?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றரை அடிக்குக் குறையாது.

"அப்ப அந்த ஒரு அங்குலத்துக்கு நீ என்ன குடுக்கிறாய்?"

"உதை" என்று மகள் ஒப்புக்கொண்டாள். மக்னம் தோளில் பலமாக உதைக்கும். கிழவருக்கு எங்கள் தமிழ் விளங்கவில்லை, ஆனால் அவள் தோளைத் தொட்டதைப் பார்த்தார்.

"குறி தவறுவது தோட்டா விழுவதால் இல்லை" என்றார். "பயத்தால். உதைக்கும் என்று தெரிந்தவர்கள், வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூடியது அவர்களுக்கே தெரியாது."

நான் முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வருடங்களாக நான் செய்துகொண்டிருப்பதை, என்னை அறியாத ஒருவர், வேறெதையோ விளக்கும்போது சொல்லிவிட்டார். தொலைபேசியில் என் மகளின் பெயரைக் கேட்டபோது நான் கண்ணை மூடியிருக்கவேண்டும்.

மகள் சிறியதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். பிடி அவளுக்கு நீளம், கன்னம் சரியான இடத்தில் படியவில்லை. அவளுடைய முழங்கையிலிருந்து விரல்வரை அளந்துவிட்டு, ஓர் அங்குலம் அறுத்துவிட்டு ரப்பர் வைத்துத் தருவதாகக் கிழவர் சொன்னார். அவ்வளவு நல்ல மரத்தை அறுக்கவேண்டுமா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. "எனக்குத்தானே அம்மா வாங்கிறம்" என்றாள். அறுக்கச் சொன்னோம்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். அறையின் இந்த மூலையில் நிற்கிற எனக்கு, அந்த மூலையில் இருக்கிற துவக்கு வெடிக்காது என்று எப்படித் தெரியும்?

அவர் எதையோ அழுத்திப் போல்ட்டை முழுவதுமாக வெளியே உருவி, என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சாண் நீளம், குளிர்ந்த உருக்கு. "இது உங்கள் கையில் இருந்தால், அங்கே இருப்பது ஒரு குழாயும் ஒரு கட்டையும்தான்."

காரில் வரும்போது மகள்தான் சொன்னாள். "போல்ட் உங்களிட்டை இருக்கட்டும் அம்மா. எனக்குத் தேவையான நேரம் கேக்கிறன்."

"பயிற்சிக்குப் போற ஒவ்வொரு கிழமையும் கேப்பாயோ?"

"ஓம், ஒவ்வொரு கிழமையும்."

கேட்டாள். கொடுத்தேன். பிடி அறுத்த துவக்கு அடுத்த வாரம் வீட்டுக்கு வந்ததிலிருந்து செப்டெம்பர் முழுவதும், சனிக்கிழமை காலையில் அவள் கையை நீட்டுவாள், நான் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். பின்னேரம் துடைத்து எண்ணெய் பூசித் திருப்பித் தருவாள். அலுமாரி பாதுகாப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. சீலைகளுக்குள் வைத்தேன். பிறகு தலையணை உறைக்குள். பிறகு தையல் பெட்டிக்குள். யார் தேடி வரப்போகிறார்கள் என்று கணவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. கீழே அந்தப் பெண்மணியின் வண்டி வந்து நின்றது. ஆறு நாள் பயணம். மகள் கையை நீட்டினாள். நான் போய்த் தையல் பெட்டியைத் திறந்தேன், இல்லை. சீலைகளுக்குள் இல்லை. தலையணைக்குள் இல்லை. கீழே இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

"எங்க வைச்சனீங்கள் அம்மா?"

"இஞ்சைதான் எங்கயோ."

மகளின் முகம் மாறுவதைக் கண்டேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தது. அவளிடம் சத்தியம் பண்ண எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே மறந்தேனா? வியாழக்கிழமை அதை எடுத்து வேறெங்கேயோ வைத்த நினைவு மட்டும் இருந்தது.

"இஞ்சாரும்" என்று கணவர் குசினியிலிருந்து கூப்பிட்டார். "எங்கட வீட்டில அரிசிக்கு எப்ப கைபிடி பூட்டினீர்?"

அரிசி வாளிக்குள் இருந்து போல்ட்டின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. ஈரம் பிடிக்காது என்று நினைத்து வைத்திருக்கிறேன். மகள் அதை உருவி எடுத்துக் குலுக்கினாள், அரிசி நிலமெல்லாம் சிந்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் ஒரு நெளிவுக்குள் ஒரு அரிசி இறுகியிருந்தது.

"உந்த ஒரு அரிசி கிடந்தாலே சரியாப் பூட்டாது" என்றாள். "பூட்டாட்டி வெடியாது."

"அப்ப கிடக்கட்டும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் கணவர்தான் சிரித்தார். பிறகு அவள். வண்டி மூன்றாவது தரம் ஹோர்ன் அடித்தது. அவள் நகத்தால் கிண்டிப் பார்த்தாள், வரவில்லை. நான் தையல் பெட்டிக்குப் போய், இருந்ததில் மெல்லிய ஊசியாகப் பார்த்து எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன்.